ரூக்கரி என்றால் எது?

பொழுது சாய்ந்தால் எங்கள் தெருப் புளியமரத்தில் காக்கைகள் கும்பலாக வந்து அடையும். அதை ‘ரூக்கரி’ என்று சொல்லலாமா? கூடாது. அவை தூங்க வந்தவை, விடிந்ததும் கலைந்துவிடும். விலங்குகளோ பறவைகளோ கூட்டமாகச் சேர்ந்து இனம் பெருக்கும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர். தமிழில் அடைவது வேறு, அடைகாப்பது வேறு அல்லவா, அந்த வித்தியாசம்தான்.

சொல் பிறந்தது இங்கிலாந்தில். அங்கே ரூக் என்றொரு காக்கை இனம் உண்டு. உடல் கறுப்பு, அலகின் அடி மட்டும் வெளுத்திருக்கும். நம் ஊர்க் காக்கை பெரும்பாலும் ஜோடி ஜோடியாகப் பிரிந்து கூடு கட்டும். ரூக் அப்படியில்லை. உயரமான மரங்களின் உச்சியில் பல ஜோடிகள் நெருக்கமாகக் கூடு வைக்கும். அந்தத் தோப்புதான் முதல் ரூக்கரி. அப்புறம் பென்குவின், சீல் என்று அந்தப் பெயர் பரவியது. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த செயின்ட் கைல்ஸ் பகுதியையும் ரூக்கரி என்றார்கள். மனிதர்கள் வாழும் தெருவுக்கு அப்படிப் பெயர் வைத்தது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

என்னை அதிகம் வியக்க வைப்பது கடலாமைகளின் ரூக்கரி. ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் பங்குனி ஆமைகள் ஒரு சில நாட்களுக்குள் ஆயிரமாயிரமாய்க் கரையேறும். சில ஆண்டுகளில் லட்சத்தையும் தாண்டும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 முட்டை இட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். காவல் கிடையாது. பிறகு எப்படிப் பிழைக்கின்றன? நாயும் நரியும் எவ்வளவு தின்றாலும் வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு. முட்டைகள் ஒரே சமயத்தில் குவிந்தால் தின்றது போக மிச்சம் நிறைய இருக்கும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் குஞ்சுகளும் மொத்தமாக வெளிவரும், அப்போதும் அதே கணக்குதான். நெரிசலுக்கு ஒரு விலையும் உண்டு: பிந்தி வரும் ஆமை, முந்தி வந்ததன் குழியைத் தோண்டி முட்டைகளை உடைத்துவிடும்.

வேடந்தாங்கலில் காவல் தண்ணீர்தான். ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் கூடு வைக்கின்றன. நரியோ பூனையோ அங்கே எளிதில் போக முடியாது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பதால் ஊர்க்காரர்களே தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்து வந்தார்கள். மழை பொய்த்து ஏரி வறண்ட ஆண்டில் மரங்கள் அப்படியே நிற்கும், ஆனால் கூடுகள் இருக்காது. இரவு தங்கிப்போகும் நான்கு கொக்குகளை வைத்து அந்த ஆண்டு அதை ரூக்கரி என்று சொல்ல முடியாது.