மாடிக்கு வண்டி ஏறும் கொட்டகை

பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம் பழைய பண்ணைகளில், குடியிருக்கும் வீட்டைவிடப் பெரிதாக ஒரு கொட்டகை நிற்கும். முன்னால் நின்று பார்த்தால் இரண்டு தளம். சுற்றிப் பின்பக்கம் போனால் மேல்தளத்தின் கதவு மண்மேட்டின் மட்டத்திலேயே திறக்கிறது. சரிவை வெட்டி, மேட்டில் முதுகைச் சாய்த்துக் கட்டிய இதை ‘பேங்க் பார்ன்’, அதாவது மேட்டுக் கொட்டகை என்பார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் குடியேறிகளால் பரவிய வடிவம். இதன் மூலத்தை சுவிட்சர்லாந்தின் பிரெட்டிகாவ் பள்ளத்தாக்கு வரை தேடிப் போனவர் ராபர்ட் என்ஸ்மிங்கர் என்ற ஆய்வாளர்.

கட்டியவர்கள் அழகைவிட முதுகுவலியைத்தான் அதிகம் யோசித்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. அங்கே குளிர்காலத்தில் மேய்ச்சல் கிடையாது. மாடுகளுக்கு டன் கணக்கில் உலர்புல் சேர்த்து வைக்க வேண்டும். அத்தனையையும் ஆள் தூக்கிப் பரணில் ஏற்றினால் என்ன ஆகும்? இங்கே பாரவண்டியைக் குதிரைகளே மேட்டின் வழியாக மேல்தளத்துக்குள் இழுத்துவந்துவிடும். உயரம் ஏற்றும் வேலையில் பெரும்பகுதி அதோடு முடிந்தது. அப்புறம் எல்லாம் இறக்கம்தான். தரையில் உள்ள திறப்பு வழியாகப் புல்லைத் தள்ளினால் கீழே தொழுவத்தில் விழும். சாணம் தொழுவத்திலிருந்து முன்முற்றத்துக்குப் போய், பிறகு வயலுக்குப் போகும்.

மேல்தளத்தின் நடுவே கதிரடிக்கும் களம், பக்கங்களில் புல் குவியல். களத்தின் எதிரெதிர்க் கதவுகளைத் திறந்துவிட்டால் குறுக்கே காற்று ஓடும். தானியத்தை உள்ளேயே தூற்றலாம்.

முன்பக்கம்தான் இதன் அடையாளம். மேல்தளம் கீழ்ச்சுவரைத் தாண்டிச் சில அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மழையும் பனியும் தொழுவக் கதவில் விழாமல் காப்பது தெரிந்த பயன். தெற்கு பார்த்த கொட்டகையில் இன்னொன்றும் உண்டு. அந்த வட்டாரம் ஏறக்குறைய 40 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் கடைசி வார நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 73 பாகை உயரத்தில் நிற்கும். டிசம்பரில் வெறும் 26 பாகைதான். நீட்டம் 6 அடி, கீழ்ச்சுவர் 8 அடி என்று வைத்துக்கொண்டால், கோடை நண்பகலில் சுவர் முழுக்க நிழல். குளிர்காலத்தில் மேலே 3 அடி மட்டும் நிழலில் இருக்க, மீதி 5 அடியில் வெயில் படும்.

குளிரை எதிர்க்க வேறு துணைகளும் உண்டு. வடக்கே முதுகில் இருக்கும் மண் வாடைக்காற்றைத் தடுக்கும். காற்றைப் போல அது சட்டென்று குளிர்ந்துவிடாது. கறவை மாடு ஒவ்வொன்றும் சுமார் 1000 வாட் வெப்பம் விடும். தலைக்கு மேலே குவிந்திருக்கும் புல் அந்தச் சூட்டை எளிதில் வெளியே விடாது.

சரி, இப்படி இறுக்கி மூடினால் மூச்சிலும் சாணத்திலும் எழும் ஈரம் எங்கே போகும்? தேங்கினால் மாட்டுக்கு நோய், மரத்துக்கு அழுகல், புல்லுக்குப் பூஞ்சை. அதனால்தான் கல்சுவர்களில் வெளியே குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் பிளவுகள் விட்டார்கள்; காற்று நுழையும், மழை அவ்வளவாக நுழையாது. பழங்குடியினரைச் சுட வைத்த துப்பாக்கித் துளைகள் என்று ஊர்க்கதை உண்டு. அதெல்லாம் கிடையாது, காற்றுக்கு விட்டவைதான். செங்கல் சுவர்களிலோ செங்கற்களை இடைவிட்டு அடுக்கி, காற்றுத் துளைகளையே கோதுமைக் கதிர்க்கட்டு போன்ற கோலங்களாக்கினார்கள்.

ஆனாலும் சரியாகக் காயாத புல் வந்து சேர்ந்தால் இந்தத் துளைகள் காப்பாற்றா. ஈரப் புல்லில் நுண்ணுயிர்கள் பெருகிக் குவியலின் உள்ளே 60, 70 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றும். அதற்குமேல் அவையே செத்துவிடும். ஆனால் அதற்குள் வேதிவினைகள் தொடங்கியிருக்கும். வெளியே போக வழியில்லாத வெப்பம் ஏறிக்கொண்டே போய், சில வாரங்களில் புல் தானாகத் தீப்பிடிக்கலாம். மேலே புல், கீழே மாடு என்ற அமைப்பில் இதைவிட மோசமான விபத்து இல்லை. இரும்புக் கம்பியைக் குவியலுக்குள் செருகிவைத்து, சற்று நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்ப்பது பழைய சோதனை. கை பொறுக்காத சூடு என்றால் புல்லைக் கிளறக் கூடாது. உள்ளே காற்று புகுந்ததும் குப்பென்று பற்றிக்கொள்ளும். அதனால் தீயணைப்பு வண்டி வந்து நின்ற பிறகுதான் குவியலில் கை வைப்பார்கள்.