ரசிகர் ஊகம்: இதில் 'கோட்பாடு' எங்கிருந்து வந்தது?

"எனக்கு ஒரு கோட்பாடு இருக்கிறது." தமிழில் குரல் மாற்றி வரும் துப்பறியும் தொடர்களில், சடலத்தின் அருகே நிற்கும் காவல் ஆய்வாளர் இப்படிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. தமிழ் பேசும் எந்த ஆய்வாளரும் அந்த இடத்தில் "எனக்கு ஒண்ணு தோணுது" என்றுதான் சொல்வார். இப்போது இந்த நோய் பார்வையாளர் பக்கமும் பரவியிருக்கிறது. கொலையாளி யார், அந்த முகமூடி ஆள் எந்தப் பாத்திரம் என்று தொடரின் ரசிகர்கள் கூடிப் போடும் கணக்கை ஆங்கிலத்தில் 'ஃபேன் தியரி' என்கிறார்கள். அதைத் தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'ரசிகர் கோட்பாடு' என்று எழுதுகிறார்கள். இது பிழை. அதற்குரிய சொல் ஊகம்.

தியரி கிரேக்கத்திலிருந்து வந்தது. 'தியோரியா' என்றால் பார்த்தல், உற்று நோக்கல். தியேட்டருக்கும் அதே வேர்தான். பிற்காலத்தில் ஆங்கிலத்தில் அது இரண்டு பொருளைச் சுமக்கத் தொடங்கியது. ஒன்று, சான்றுகளால் நிலைபெற்ற விளக்கம். மற்றொன்று, இப்படி இருக்குமோ என்ற எண்ணம். நம் சிக்கல் முழுக்க இந்த இரண்டாம் பொருளில்தான்.

கோட்பாடு அந்த இரண்டாம் பொருளைத் தாங்காது. கொள், கோள், கோட்பாடு. 'கொள்கை'யும் இதே குடும்பம். கொண்டதை விடாமல் வைத்திருப்பது இந்தச் சொல்லின் உயிர். திணைக் கோட்பாடு, சார்பியல் கோட்பாடு, பரிணாமக் கோட்பாடு என்றெல்லாம் சொல்லும்போது அந்த உறுதி காதில் விழுகிறது. 'சதிக்கோட்பாடு'கூட ஒருவகையில் பொருந்தும். எத்தனை சான்று காட்டினாலும் அதை நம்புகிறவர்கள் விடுவதில்லை.

ரசிகரின் எண்ணம் அப்படியா? 'லைன் ஆஃப் டியூட்டி' என்ற பிபிசி தொடரை எடுத்துக்கொள்வோம். (இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிவிடுங்கள்.) காவல்துறைக்குள் இருக்கும் ஊழலை விசாரிக்கும் பிரிவின் கதை அது. சாகும் தறுவாயில் ஊழல் அதிகாரி ஒருவன் 'எச்' என்ற எழுத்துக்குச் சைகை காட்டிவிட்டுப் போகிறான். உடனே அந்த எழுத்தில் பெயர் தொடங்கும் ஒவ்வொரு பாத்திரத்தின் மீதும் ரசிகர்களின் சந்தேகம் விழுந்தது. பிரிவின் தலைவர் ஹேஸ்டிங்ஸும் தப்பவில்லை. 2019-இல் ஐந்தாம் பருவத்தின் முடிவில் வேறு ஒன்று தெரிந்தது. சாகும்போது அவன் விரல் தட்டியது மோர்ஸ் குறியீடு. அதில் 'எச்' என்பது நான்கு புள்ளி. அதாவது, அது ஒரு ஆளின் பெயரெழுத்தே அல்ல, ஊழல் கூட்டத்தில் இருப்பது நான்கு பேர் என்ற குறிப்பு! அவர்களில் மூவர் யார் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதுவரை கட்டியதையெல்லாம் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் நான்காவது ஆள் யார் என்று ரசிகர்கள் புதிதாகத் தேடத் தொடங்கினார்கள்.

கடைசியில் ஆளைக் காட்டிக்கொடுத்தது ஒரு எழுத்துப்பிழை. 'டெஃபினட்லி' என்ற ஆங்கிலச் சொல்லில் 'ஐ' வரவேண்டிய இடத்தில் 'ஏ' போட்டு எழுதும் பழக்கம் அவனுக்கு. அதே பிழையைத் தட்டச்சு செய்ததால் ஹேஸ்டிங்ஸ் மீதும் முன்பு சந்தேகம் வந்திருந்தது. 2021 மே 2 அன்று ஆறாம் பருவத்தின் இறுதிப் பகுதியைப் பிரிட்டனில் சராசரியாக 1.28 கோடிப் பேர் பார்த்தார்கள். பக்கல்ஸ் என்ற, யாரும் பெரிதாக மதிக்காத அதிகாரிதான் அந்த நான்காவது ஆள் என்று தெரிந்ததும், மற்ற ஊகங்கள் எல்லாம் அந்த இரவே செத்தன. அடுத்த பகுதி வந்தால் கைவிடத் தயாராக இருக்கும் எண்ணத்தைக் கோட்பாடு என்று எப்படி அழைப்பது?

'தியரி என்றால் கோட்பாடு என்று கலைச்சொல் பட்டியலில் இருக்கிறதே, ஒரு சொல்லுக்கு ஒரே சொல் வேண்டாமா?' என்பார்கள். வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பதால் வந்த வினையைப் பாருங்கள்: 'பரிணாமம் வெறும் தியரிதானே' என்று அங்கே இன்றுவரை வாதம் நடக்கிறது, அறிவியலாளர்கள் விளக்கி விளக்கி ஓய்ந்துபோகிறார்கள். தமிழில் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. நிலைபெற்றதற்குக் கோட்பாடு, தோன்றியதற்கு ஊகம். நம்மிடம் இல்லாத ஒரு குழப்பத்தை மொழிபெயர்ப்பு என்ற பெயரில் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

ஆங்கில 'ஹைபாதிசிஸ்'க்கு நாம் சொல்லும் 'கருதுகோள்' கோட்பாட்டைவிடத் தேவலை, ஆனாலும் அது ஆய்வுக்கூடத்துச் சொல். கருதுகோளை வைத்தவரே சோதித்துப் பார்க்கலாம். தொடரில் விடை கதாசிரியர் கையில் இருக்கிறது. ரசிகர் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஊகம் வடசொல்லாயிற்றே என்பது தனித்தமிழ் அன்பர்களின் குறை. உண்மை, 'ஊஹ' என்பதிலிருந்து வந்ததுதான். சங்கப் பாடல்களில் வரும் ஊகம் கருங்குரங்கு, அல்லது ஒருவகைப் புல். அது வேறு சொல். ஆனால் 'ஊகிக்க முடிகிறதா?' என்றால் புரியாத தமிழர் இல்லை. பங்குச் சந்தையில் 'ஊக வணிகம்' என்கிறோம். நானும் தூய தமிழை விரும்புகிறவன்தான். ஆனால் கோட்பாடு என்ற நல்ல தமிழ்ச் சொல்லைத் தவறான இடத்தில் வைத்துக் கெடுப்பதும் தமிழுக்குச் செய்யும் தீங்குதான். 'யூகம்' என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடலாம், ஊகம்தான் சரி. படையணியைக் குறிக்கும் வியூகத்தோடு அதற்கு உறவில்லை.

தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்களுக்கு நன்னூல் ஒரு வழி வைத்திருக்கிறது. நூல் எழுதுவதற்கு அது சொல்லும் முப்பத்திரண்டு உத்திகளில் ஒன்று 'உய்த்துணர வைப்பு'. வெளிப்படையாகச் சொல்லாமல், படிப்பவர் குறிப்பால் அறிந்துகொள்ளும்படி விட்டுவைப்பது. அந்த எழுத்துப்பிழையைக் கதாசிரியர் அங்கே வைத்தது உய்த்துணர வைப்பு. ரசிகர் செய்வது உய்த்துணர்தல். விடை வெளிவரும்வரை அவர் கையில் இருப்பது ஊகம்.

பெயர்ச்சொல்லையே பிடித்துத் தொங்கவும் தேவையில்லை. 'கொலையாளி பற்றிய மூன்று ரசிகர் கோட்பாடுகள்' என்று தலைப்பிடுவதைவிட, 'கொலையாளி யார்? ரசிகர்கள் ஊகிக்கும் மூன்று பேர்' என்று எழுதிப் பாருங்கள். குரல் மாற்றி வரும் தொடர்களுக்கு வசனம் எழுதுகிறவர்களுக்கு அதுவும் வேண்டாம். ஆய்வாளர் 'எனக்கு ஒண்ணு தோணுது' என்றாலே போதும்.