ஊட்டிக்காரர்களுக்கு மட்டும் தாலுகா இல்லை

கோத்தகிரியில் இருந்தபடி வெப் அப்ளிகேஷன் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்காக, இலை போடும் சிறு விவசாயிகளைப் பதிவு செய்யும் படிவம் ஒன்றை ரியாக்டில் (வெப் பக்கங்கள் செய்ய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி) செய்து கொடுத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து போன்.

"சார், ஊட்டிக்காரங்களுக்கு மட்டும் தாலுகா காலியா வருது."

கவுன்டரில் இருப்பவர்தான் சரியாகப் போடவில்லை என்று முதலில் நினைத்தேன். (நம் வழக்கம் அது.) நேரில் போய் அவர் பதிவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். படிவம் திறந்ததுமே தாலுகா டிராப்டவுனில் 'உதகமண்டலம்' என்று தெரிகிறது. வந்தவரும் ஊட்டிக்காரர். ஏற்கெனவே சரியாக இருப்பதை எதற்குத் தொட வேண்டும்? அவர் நேரே 'சேமி'யை அழுத்தினார்.

நீலகிரியின் 6 தாலுகாக்களை அகர வரிசையில் போட்டால் உதகமண்டலம்தான் முதலில் வரும். ஸ்டேட்டில், அதாவது படிவம் தன் நினைவில் வைத்திருக்கும் இடத்தில், இருக்கும் மதிப்பு எந்த ஆப்ஷனோடும் பொருந்தாவிட்டால், முதல் ஆப்ஷன் தானாகத் திரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் ஸ்டேட் காலியாகவே கிடக்கும். யாராவது தேர்வை மாற்றினால்தான், அதை ஸ்டேட்டில் எழுதும் ஆன்சேஞ்ச் ஓடும்; தெரிவதையே திரும்பத் தொட்டாலும் ஓடாது. காலியாக விட்டால் சேமிக்க விடாத 'ரிக்வயர்ட்' போட்டிருந்தேனே என்றால், அதுவும் கைகொடுக்கவில்லை. பிரவுசர் பார்ப்பது திரையில் உள்ள தேர்வை. அங்கேதான் உதகமண்டலம் இருக்கிறதே!

திருத்தம் சின்னதுதான். 'தாலுகாவைத் தேர்ந்தெடுக்கவும்' என்று மதிப்பில்லாத, தேர்ந்தெடுக்க முடியாத ஆப்ஷன் ஒன்றை முதலில் வைத்து, ஸ்டேட்டையும் காலி சரத்தில் (எழுத்தே இல்லாத மதிப்பில்) தொடங்கினேன். சர்வரிலும் ஒரு சோதனை வைத்தேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அப்படியே கிராம டிராப்டவுனையும் பார்த்தேன். தாலுகா கோத்தகிரி, கிராமம் நெடுகுளா என்று தேர்ந்தெடுத்துவிட்டுத் தாலுகாவைக் குன்னூராக மாற்றினால், பட்டியல் மாறுகிறது. ஸ்டேட்டில் நெடுகுளா அப்படியே இருக்கிறது. தாலுகா மாறும் இடத்திலேயே கிராமத்தைக் காலியாக்கினேன். இன்னொன்று: டிராப்டவுனிலிருந்து வருவது எப்போதும் சரம்தான் (எழுத்துத் தொடர்), எண் அல்ல. தாலுகா எண்ணை 3 என்று டேட்டாபேஸில் வைத்து, திரும்பி வரும் "3"-ஐ மூன்று சமக்குறி (===, எண்ணா எழுத்தா என்ற வகையையும் பார்க்கும் ஒப்பீடு) போட்டு ஒப்பிட்டால் பொருந்தாது.

காலியான பழைய பதிவுகள் மிச்சம். "எல்லாத்தையும் ஊட்டின்னு ஒரேயடியா மாத்திடலாமே சார்?" என்றார் கவுன்டர்க்காரர். வேண்டாம் என்றேன். தாலுகாவைக் கவனிக்காமலே சேமித்த பதிவும் இப்படித்தானே காலியாக இருக்கும்? ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக் கேட்டோம். இரண்டு பேர் குந்தா தாலுகாக்காரர்கள்.