விமானச் சாயமும் பால்மரத்துப் பாலும்

மலேசியாவில் பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பல வருடம் பால்மரம் வெட்டிய அக்கா ஒருவர் போன வாரம் சந்தையில் என்னை நிறுத்தினார். "சார், பையன் சிப்பாங்கில பிளேன் பழுது பார்க்குற ஹேங்கர் வேலைக்குப் போறான். பிளேன் மேல மருந்து பூசினா சாயம் மட்டும் உரிஞ்சு வந்துடுமாம், தகரம் அப்படியே இருக்குமாம். அது எப்படி? அந்த மருந்து உடம்புக்கு ஆகுமா?"

சந்தை நெரிசலில் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

பழைய சாயத்தை உரிக்கக் காரணங்கள் எளியவை. கீழே உலோகம் அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூச்சு மேல் பூச்சு ஏற ஏற எடை கூடும். பெரிய விமானத்தில் சாயம் மட்டுமே நூற்றுக்கணக்கான கிலோ. சரி, கத்தியால் சுரண்டினால் என்ன? விமானத்தின் தோல் அலுமினியக் கலவை. ஒவ்வொரு பயணத்திலும் உள்ளே காற்றழுத்தம் ஏறும்போது அந்தத் தோல் இழுபடும், இறங்கியதும் தளரும். கத்தி போட்ட மெல்லிய கீறல் ஒன்று போதும், ஆயிரக்கணக்கான முறை இழுபட்டபின் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். அதனால்தான் மருந்து.

பெரும்பாலானோர் மருந்து சாயத்தைக் கரைக்கிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது கரைப்பதில்லை, ஊத வைக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்துப் பிள்ளைக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு துண்டு ஒட்டுப்பாலை (மரத்திலேயே உறைந்து காய்ந்த பால்) பெட்ரோலில் போட்டால் சில நாளில் கரைந்து பிசினாகிவிடும். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் இப்படிப்பட்டதுதான். ஒரு ரப்பர் பேண்டைப் போட்டால்? அது கரையாது. தடித்து, நீண்டு, கொழகொழவென்று பெரிதாகும். இரண்டும் ஒரே மரத்துப் பால். ஆனால் ரப்பர் பேண்டைக் கந்தகம் சேர்த்து வேக வைத்திருக்கிறார்கள். அந்தக் கந்தகம் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அங்கங்கே முடிச்சுப் போட்டு வலையாக்கிவிடுகிறது. பெட்ரோல் உள்ளே நுழைந்து இழைகளை விலக்கும், ஆனால் முடிச்சுகளை அவிழ்க்க முடியாது. வலை விரியும், கலையாது. (பெட்ரோல் சோதனையைப் பிள்ளைகள் தனியாகச் செய்ய வேண்டாம், பெரியவர் ஒருவர் வெட்டவெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்து காட்டட்டும்.)

விமானச் சாயமும் அப்படிப்பட்ட வலைதான். கீழே எபாக்ஸி என்ற பிசின் பூச்சு, மேலே பாலியூரித்தேன் என்ற இன்னொரு பிசின் பூச்சு. மருந்தின் சிறிய மூலக்கூறுகள் அந்த வலைக்குள் புகுந்ததும் சாயம் எல்லாப் பக்கமும் விரியப் பார்க்கிறது. அடிப்பக்கமோ உலோகத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. பக்கவாட்டில் போக இடமில்லை. வெள்ளம் புகுந்த வீட்டில் இடைவெளியின்றிப் பதித்த பலகைத் தரை என்ன ஆகும்? ஊறி, ஒன்றையொன்று தள்ளி, நடுவில் மேலே எழும்பும். சாயமும் அதே போலச் சுருக்கம் சுருக்கமாகி, கொப்புளம் கொப்புளமாக எழுந்து நிற்கிறது. மருந்து சாயத்தின் பிடிப்பையும் தளர்த்திவிடுவதால் பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளினாலே தோல் தோலாக வரும். அலுமினியத்தில் அணுக்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. இந்த மூலக்கூறுகள் அதற்குள் நுழைய வழியே இல்லை.

ரப்பர் எந்தத் திரவத்தில் எவ்வளவு ஊதும் என்பதை 1940களில் இங்கிலாந்தில் உட்கார்ந்து அளந்தவர்களில் வேதியியலாளர் ஜெஃப்ரி ஜீ முக்கியமானவர். அவர் வேலை செய்த ஆய்வு நிலையத்தை நடத்தியது ரப்பர் உற்பத்தியாளர்களின் பணம். மலாயாத் தோட்டங்களின் பங்கும் அதில் உண்டு. அதாவது, விடியுமுன் மரத்தடியில் பால் பிடிக்க மங்கு வைத்த நம் பாட்டிமார்களின் உழைப்பு. இந்த விஞ்ஞானத்துக்குக் காசு கொடுத்த சனத்தின் பேரப்பிள்ளைகள் படிக்கும் தோட்டப் பள்ளிக்கு ஒழுங்கான அறிவியல் அறை கேட்டு இன்னமும் மனு எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு இது ஆறவே ஆறாது.

இனி அக்காவின் இரண்டாவது கேள்வி. முன்பு எல்லோரும் பயன்படுத்தியது டைக்ளோரோமீத்தேன். மூலக்கூறு மிகச் சிறியது, அதனால் வேகம் அதிகம். ஆனால் 40 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். உடம்புக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய அறையில் அதை வைத்து வேலை செய்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019இல் வீட்டில் சாயம் உரிக்கும் மருந்தாக இதை விற்பதைத் தடை செய்தார்கள். இப்போது பல ஹேங்கர்களில் பென்சைல் ஆல்கஹால் கலந்த மருந்து வந்துவிட்டது. மல்லிகை வாசத்தில் இருக்கும் அதே பொருள்! கொதிநிலை 205 டிகிரி, அதனால் எளிதில் ஆவியாகாது. மூலக்கூறு பெரியது, அதனால் மெல்ல வேலை செய்யும், மணிக்கணக்கில் ஊற விட வேண்டும். வாசப் பொருள் என்பதற்காகத் தோலிலும் கண்ணிலும் படலாம் என்று அர்த்தமில்லை. அப்புறம், உரிந்து வரும் பழைய அடிப்பூச்சில், அரிப்பைத் தடுக்கச் சேர்க்கும் குரோமேட் இருந்தால் அது புற்றுநோய் விளைவிக்கும். அந்தக் கழிவைச் சாக்கடையில் விடக் கூடாது.

மருந்து படக் கூடாத இடங்களை முதலிலேயே அலுமினிய டேப் ஒட்டி மூடுவார்கள்: ஜன்னல், ரப்பர் ஓரங்கள், சக்கரக் கால். அமில மருந்து பட்டால் சக்கரக் காலின் உறுதியான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். போயிங் 787 போன்றவற்றின் எடையில் பாதி கார்பன் இழையும் எபாக்ஸியும். அங்கே விமானத்தின் உடலே சாயத்துக்கு உறவுக்காரன், மருந்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் தேய்த்துத்தான் எடுக்கிறார்கள், அல்லது நடுவில் ஒரு தடுப்புப் பூச்சை முன்பே பூசி வைக்கிறார்கள்.

அக்காவிடம் நான் கேட்கச் சொன்னது ஒன்றே ஒன்று: பையனுக்கு என்ன கையுறை கொடுத்திருக்கிறார்கள்? மெல்லிய ரப்பர் கையுறையும் ஒரு வலைதான். மருந்து அதையும் ஊத வைத்து, சில நிமிடத்தில் தோலுக்கு வந்துவிடும். அந்தந்த மருந்துக்கென்று, அதோடு வரும் பாதுகாப்புத் தாளில் எழுதியிருக்கும் கையுறைதான் வேண்டும். நேற்று அக்கா போன் செய்தார். கறுப்பு நிறமாம், தடிப்பாம், முழங்கை வரைக்கும் வருமாம். தாளை இன்னும் பார்க்கவில்லை, நாளை போட்டோ எடுத்து வரச் பையனிடம் சொல்லியிருக்கிறார்.