பாக்கெட்டில் போட்டிருக்கும் 23 கிராம்

போன வாரமும் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வந்த ஒருவர் கைப்பேசியை நீட்டினார். "மிஸ், இதைப் பாருங்க. நூறு கிராமுக்கு 23 கிராம் புரதம்!" வெள்ளை பீன்ஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், பல வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர். இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள்.

"அங்கிள், இதைப் பச்சையா மெல்லுவீங்களா?" என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது காய்ந்த பீன்ஸின் கணக்கு. ஊறி வெந்தால் தண்ணீர் குடித்து எடை இரண்டரை மடங்கு ஆகிவிடும். அதனால் வெந்த பீன்ஸ் நூறு கிராமில் புரதம் 10 கிராமுக்கும் சற்றுக் குறைவு. புரதம் எங்கும் ஓடிவிடவில்லை. சாம்பாரில் தண்ணீர் கூடினால் உப்பு குறைந்ததுபோல் இருக்குமே, அதே கதைதான். திரும்பவும் சொல்கிறேன்: கடையில் நிறுப்பது காய்ந்தது, நாம் கரண்டியில் அள்ளுவது வெந்தது. பாக்கெட் கணக்கைக் கிண்ணத்துக்குப் போடாதீர்கள்.

அதே பாக்கெட்டில் மாவுச்சத்து 60 கிராம் என்றும் இருக்கிறது. அந்த வரியை யாரும் படம் பிடிப்பதில்லை! வெந்தபின் 25 கிராம். அதில் 6 கிராம் நார்ச்சத்து. வெள்ளைச் சோறுபோலச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது, இரும்பும் ஃபோலேட் என்ற வைட்டமினும் உண்டு, நல்ல பண்டம்தான். ஆனால் அங்கிள் சோற்றைக் குறைக்கவில்லை. தட்டு நிறையச் சோறு, மேலே ஒரு கிண்ணம் பீன்ஸ் குழம்பு. கேட்டால், "அது காய்தானே மிஸ்?" காய் இல்லை. சிங்கப்பூர்ச் சுகாதார மேம்பாட்டு வாரியம் எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று தட்டைப் பிரித்துக் காட்டும் மை ஹெல்த்தி பிளேட்டில் பயறு வகைக்கு இடம் மீன், இறைச்சியோடு ஒரு கால் தட்டில். காய்கறியும் பழமும் பாதித் தட்டு, அது தனி.

(தேக்கா சந்தையில் வெள்ளை பீன்ஸ் கேட்டு மொச்சையோ காராமணியோ வாங்கி வருபவர்களும் உண்டு. அது வேறு, இது வேறு.)

அப்புறம், வறுத்துப் பொடித்துக் குடித்தால் எடை குறையும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். சரியாக வேகாத பீன்ஸில் லெக்டின் என்ற நச்சு இருக்கிறது. 2006இல் ஜப்பானில் தொலைக்காட்சியில் காட்டியபடி வெள்ளை பீன்ஸைச் சில நிமிடம் மட்டும் வறுத்துப் பொடித்துச் சாப்பிட்டு, ஏறக்குறைய ஆயிரம் பேர் வாந்தி, வயிற்றுப்போக்கில் அவதிப்பட்டார்கள். இரவு முழுக்க ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டுங்கள், வாயுத் தொல்லையும் குறையும். புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணி கொதிக்கவிட்டு, பிறகு மெத்தென்று வேகவையுங்கள். ஸ்லோ குக்கரில் நேராகப் போடவே கூடாது. அந்தச் சூடு போதாது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தயவுசெய்து நீங்களாகத் தொடங்காதீர்கள். வெந்த நூறு கிராமிலேயே பொட்டாசியம் 560 மில்லிகிராம் இருக்கிறது, சிறுநீரகம் சரியில்லையென்றால் அது உடம்பில் தேங்கிவிடலாம். முதலில் இரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டுவாருங்கள்.

கிளம்பும்போது அங்கிள் கேட்டார், "அப்ப காலையில ரொட்டியோட டின் பீன்ஸ்?"

அதுவும் இதே வெள்ளை பீன்ஸ்தான் அங்கிள். சாஸில்தான் சர்க்கரையும் உப்பும்.