வெப்கேம் படம் எங்கே தடைபடுகிறது?

நேரலை செய்யப் புதிதாக முனையும் ஒருவர் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற நேரலை மென்பொருளை நிறுவி, கேமராப் படத்தைக் கொண்டுவரும் ‘வீடியோ கேப்சர் டிவைஸ்’ என்பதைச் சேர்த்து, பட்டியலில் தம் வெப்கேமின் பெயரையும் தேர்ந்தெடுத்த பிறகு, முகம் தெரிய வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு தெரிந்தால், கேமரா பழுதாகிவிட்டது என்றே முதலில் நினைப்பார். பெரும்பாலும் கேமராவில் ஒரு குறையும் இருப்பதில்லை. லென்ஸுக்குள் புகுந்த ஒளி திரையில் படமாக விரிவதற்குள் உணரி, யுஎஸ்பி இணைப்பு, இயக்குதளம், மென்பொருள் என்று பல கைகள் மாறுகிறது. எந்தக் கையில் தடை விழுந்தது என்பதைக் கோளாறின் தன்மையே காட்டிக்கொடுக்கும்.

லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சிறு விளக்கு உள்ள கேமராவில், முதலில் அதைப் பார்க்க வேண்டும். ஓபிஎஸ்ஸைத் திறப்பதற்கு முன்பே அது எரிந்துகொண்டிருந்தால், வேறொரு செயலியோ, மறந்துபோன கூட்ட அழைப்பு ஒன்றைத் தாங்கிய உலாவித் தாவலோ கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். விண்டோஸில் ஒரு கேமராவை ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் பயன்படுத்த முடியும் என்பதே பொதுவான நிலை. கேமராவைப் பிடித்து வைத்திருப்பதை மூடிவிட்டு, ஓபிஎஸ்ஸில் ‘டீஆக்டிவேட்’ பொத்தானை அழுத்தி மீண்டும் ‘ஆக்டிவேட்’ செய்தால் படம் வந்துவிடும். விளக்கு எரியவே இல்லையென்றால், விண்டோஸின் தனியுரிமை அமைப்புகளில் கேமரா என்ற பகுதிக்குள் சென்று, டெஸ்க்டாப் செயலிகளுக்கு அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளக்கு எரிந்தும் கறுப்பாகவே இருந்தால், லென்ஸை மறைக்கும் சிறு மூடியையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சிரிப்புக்குரிய காரணம்தான், ஆனால் அரிதானதல்ல.

படம் வருகிறது, ஆனால் விட்டுவிட்டு வருகிறது என்றால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். முழு எச்டி படம் ஒன்றில் 1920-ஐ 1080-ஆல் பெருக்கினால் வரும் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. ஒய்யுஒய்2 என்ற சுருக்கப்படாத வடிவத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16 பிட் தேவை. நொடிக்கு 30 படங்கள் அனுப்ப வேண்டுமானால் நொடிக்கு ஏறத்தாழ 995 மெகாபிட் செல்ல வேண்டும். யுஎஸ்பி 2.0 இணைப்பின் மொத்த வேகமே 480 மெகாபிட்தான். அதிலும் வெப்கேம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் அனுப்பு முறையில் ஒரு கேமராவின் ஓடைக்குக் கிடைப்பது அதிகபட்சம் 196 மெகாபிட் அளவே. அதனால்தான் இத்தகைய கேமரா ஒய்யுஒய்2 வடிவத்தில் முழு எச்டி படத்தை நொடிக்கு 5 தடவை மட்டும் தருகிறது. ஓபிஎஸ்ஸில் ‘வீடியோ கேப்சர் டிவைஸ்’ என்பதன் பண்புகள் சாளரத்தில் ‘ரெசல்யூஷன்/எஃப்பிஎஸ் டைப்’ என்பதைக் ‘கஸ்டம்’ ஆக்கி, ‘வீடியோ ஃபார்மட்’ பட்டியலில் எம்ஜேபெக்கைத் தேர்ந்தெடுத்தால், கேமராவே ஒவ்வொரு படத்தையும் ஜேபெக் கோப்பைப் போலச் சுருக்கி அனுப்பும். படத்தின் நுணுக்கம் சிறிது குறையும், ஓட்டம் சீராகிவிடும்.

இந்த அனுப்பு முறை ரயிலில் முன்பதிவு செய்வதைப் போன்றது. தனக்கு நொடிக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்று கேமரா முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்கிறது. வன்தட்டு போன்றவை முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறுபவை. மிச்சமிருக்கும் இடத்தில் அவை பயணம் செய்யும். கையெழுத்தைக் காட்ட மேசைக்கு மேலே இரண்டாவது கேமரா ஒன்றை வைத்து, இரண்டையும் ஒரே யுஎஸ்பி ஹப்பில் செருகினால், முதல் கேமரா பதிவு செய்தது போக மீதி இடம் போதாமல் இரண்டாவது தொடங்காமலேயே நின்றுவிடலாம். ஹப்பை விட்டு, கணினியின் வேறு துளையில் நேரடியாகச் செருகிப் பார்ப்பதே இதற்குச் செய்ய வேண்டிய முதல் சோதனை.

அமைப்புகள் எல்லாம் சரியாக இருந்தும் இரவில் மட்டும் படம் இழுத்துக்கொண்டு நகர்ந்தால், குற்றம் வெளிச்சத்தினுடையது. நொடிக்கு 30 படங்கள் என்றால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 33 மில்லிநொடிதான் கிடைக்கும். அந்த நேரத்துக்குள் போதிய ஒளி சேராதபோது, தானியங்கி ஒளியேற்பு (எக்ஸ்போஷர்) முறையில் உள்ள பல கேமராக்கள் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு, நொடிக்கு 15 படங்களாகக் குறைத்துவிடுகின்றன. என் பார்வையில், புதிய கேமராவுக்குச் செலவிடும் பணத்தில் சிறு பங்கை முகத்துக்கு முன்னால் வைக்கும் ஒரு விளக்குக்குச் செலவிடுவது அதிகப் பயன் தரும்.

அந்த விளக்காலும் ஒரு சிக்கல் வரலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், குழல்விளக்குகளும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். கேமராவின் அமைப்பு 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால், இரண்டும் பொருந்தாமல் படத்தில் பட்டைகள் மேலும் கீழுமாக ஊர்ந்து செல்லும். அதே பண்புகள் சாளரத்திலிருந்து திறக்கும் ‘கான்ஃபிகர் வீடியோ’ என்ற சாளரத்தில் ‘பவர்லைன் ஃப்ரீக்வன்சி’யை 50 ஆக்கியதும், ஒளியேற்பு நேரம் 1/50 நொடி போன்ற அளவுக்கு மாறி, ஒவ்வொரு படத்திலும் விளக்கின் முழுத் துடிப்புகளே அடங்குவதால் பட்டைகள் மறைந்துவிடும்.

கடைசியாக உதட்டசைவும் குரலும். படத்தின் தரவு சுருக்கப்பட்டு, மீண்டும் விரிக்கப்பட்டு, அளவு மாற்றப்பட்டு வருவதால் ஒலியைவிடச் சற்றுப் பின்தங்குகிறது. கேமரா முன் ஒருமுறை கைதட்டிப் பதிவு செய்து, படம் படமாக நகர்த்திப் பார்க்கலாம். நொடிக்கு 30 படங்கள் உள்ள பதிவில், உள்ளங்கைகள் சேர்வதற்கு 3 படங்களுக்கு முன்பே ஓசை வந்துவிட்டால் வித்தியாசம் ஏறத்தாழ 100 மில்லிநொடி. ஒலியின் மேம்பட்ட பண்புகளில் மைக்குக்கு நேராக உள்ள ‘சிங்க் ஆஃப்செட்’ பெட்டியில் 100 என்று இட்டுவிட்டு, மறுபடி ஒருமுறை கைதட்டிப் பார்க்க வேண்டும்.