முன்பதமாக்கல்: ஒரு சொல் விளக்கம்

மரச்சில்லுகளில் நொதிகளைச் செலுத்திச் சர்க்கரை எடுப்பதற்கு முன், அவற்றை வெப்பத்தாலோ வேதிப்பொருள்களாலோ நெகிழச் செய்யும் கட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'ப்ரீட்ரீட்மென்ட்' என்று பெயர். 'ப்ரீ' என்பது 'முன்' எனப் பொருள்படும் இலத்தீன் முன்னொட்டிலிருந்து வந்தது. 'ட்ரீட்' என்பதன் மூலம் 'ட்ராக்டாரே' என்னும் இலத்தீன் வினை. இழுத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து கிளைத்து, கையாளுதல் என்ற பொருளைப் பெற்று, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. மருத்துவம் செய்தல் அதனோடு பின்னர் சேர்ந்த பொருள். ஆகவே 'முன்சிகிச்சை' என்று பெயர்த்தால் மரம் நோயாளியாகிவிடும்.

'முன்பதப்படுத்தல்' அதைவிட மேல். எனினும் மரத்தைப் பதப்படுத்துவது என்றாலே பூஞ்சையும் கரையானும் அணுகாதபடி காப்பது என்று கொள்வது வழக்கம். இங்கு நடப்பது அதற்கு நேர்மாறு: மரத்தின் காப்பைக் குலைத்து நொதிகளுக்கு வழிதிறக்கிறோம்.

அந்தக் காப்பு எளிதில் குலைவதன்று. மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை உள்ள செல்லுலோஸே குளுக்கோஸுக்கு மூலம். அதன் இழைகளை ஹெமிசெல்லுலோஸ் என்னும் கிளைத்த சர்க்கரைச் சங்கிலிகள் சூழ்ந்திருக்க, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் இடைவெளிகளை நிரப்பி இறுக்குகிறது. உருவில் பெரிய நொதி மூலக்கூறுகள் உள்ளே நுழைய இடமில்லை, நுழைந்தவற்றிலும் ஒரு பகுதி லிக்னின்மேல் ஒட்டி வீணாகிறது. இந்தக் காப்பைக் குலைக்கும் வழிகளுள் ஒன்றான நீராவி வெடிப்பு முறையில், சில்லுகளை ஏறத்தாழ 180 முதல் 230 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உயரழுத்த நீராவியில் சில நிமிடங்கள் வைத்து, அழுத்தத்தைச் சட்டென விடுவிக்கிறார்கள். அப்போது ஹெமிசெல்லுலோஸிலிருந்து பிரியும் அசெட்டிக் அமிலமே அந்த ஹெமிசெல்லுலோஸைக் கரைக்கத் துணைபுரிகிறது. இந்த அமிலத்துக்கு மூலமான அசெட்டைல் தொகுதிகள் குறைந்த ஊசியிலை மரங்களுக்கு இது போதாமல், கந்தக டைஆக்சைடையும் சேர்ப்பதுண்டு. வெப்பமோ நேரமோ மிஞ்சினால், கரைந்த சர்க்கரை சிதைந்து ஃபர்ஃபுரால் போன்ற பொருள்கள் உண்டாகி, பின்னர் சர்க்கரையை நொதிக்கவைத்துச் சாராயமாக்கும் ஈஸ்ட்டின் வேலையைக் கெடுக்கும்.

குறையவும் கூடாது, மிஞ்சவும் கூடாது என்னும் இந்நிலைக்குத் தமிழில் 'பதம்' என்ற சொல் முன்பே உண்டு. உழவுக்கேற்ற அளவு ஈரமுள்ள மண்ணைப் பதமான மண் என்பது இப்பொருளில்தான். 'முன்செயலாக்கம்' என்பது கணினித் தரவு உட்பட எதற்கும் பொருந்தும் பொதுச்சொல். மரத்துக்கு நேர்வது என்ன என்பதை அது சொல்வதில்லை. எனவே 'முன்பதமாக்கல்' என்பதையே நான் பரிந்துரைப்பேன். 'அமில முன்பதமாக்கல்', 'நீராவி முன்பதமாக்கல்' என அடைமொழி சேர்ப்பதற்கும், 'முன்பதமாக்கிய மரம்' எனப் பெயரெச்சமாக வழங்குவதற்கும் அது தடையின்றி இடந்தருகிறது.